தொடர் ஃபவுல் கணக்கு (பூல் ஆட்டம்)

பூல் போட்டிகளில் ஓர் ஆட்டக்காரர், இடையே முறையான அடி ஒன்றுகூட இல்லாமல் அடுத்தடுத்துச் செய்யும் ஃபவுல்களை எண்ணி வரும் முறையே தொடர் ஃபவுல் கணக்கு. நைன் பால், டென் பால், ஒன் பாக்கெட் ஆகிய ஆட்டங்களில் மூன்றாவது தொடர் ஃபவுலோடு தோல்வி உறுதியாகிவிடும். ஸ்ட்ரெய்ட் பூல் எனப்படும் 14.1 ஆட்டத்தில் தோல்வி இல்லை. பெரிய புள்ளி இழப்பு உண்டு. எய்ட் பாலில் உலகப் பொதுவிதிப்படி இந்தக் கணக்கே கிடையாது. 1987-இல் அமைந்த உலக பூல் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் விதிகள் மூன்று தொடர் ஃபவுலைச் சாதாரணப் பிழையாக வைக்காமல், முறைகேடான நடத்தையோடு சேர்த்துக் கடும் பிழை வகையில் வைத்துள்ளன.

கணக்கு மூன்று வரைதான் போகும் என்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் மேசையோரத்தில் எழும் சச்சரவுகளில் இதற்குத் தனி இடம் உண்டு. ஃபவுல் நடந்ததா இல்லையா என்பதைவிட, நடந்தது எத்தனையாவது, அதை யார் எப்போது சொன்னார்கள் என்பதில்தான் கருத்து வேறுபாடு வரும்.

உயிர்களும் மார்க்கரும்

பிழைகளை எண்ணி, எண்ணிக்கை தீர்ந்தால் ஆட்டக்காரரை வெளியேற்றும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் லைஃப் பூல் ஆட்டத்தில் தெளிவாகக் காணப்படுகிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் ராணுவ மெஸ்களிலும் கிளப்புகளிலும் அது மிக விருப்பமான ஆட்டம். பலர் சேர்ந்து ஆடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரே அளவு பணம் கட்டுவார்கள். அது ஒரு பொதுத் தொகையாகச் சேரும். ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணப் பந்தும் மூன்று உயிர்களும் உண்டு. வெள்ளைப் பந்து முதலில் மேசையில் வைக்கப்படும்; சிவப்புக்காரர் வெள்ளையைக் குறிவைப்பார், மஞ்சள்காரர் சிவப்பைக் குறிவைப்பார். வரிசை இப்படியே தொடரும். தன் பந்து பிறரால் குழியில் தள்ளப்பட்டால் ஓர் உயிர் போகும். அதோடு நில்லாமல், எதையும் தொடாமல் விட்டாலும், தவறான பந்தை முதலில் தொட்டாலும், தன் பந்தைத் தானே குழியில் போட்டுக்கொண்டாலும் ஓர் உயிர் போகும். ஃபவுலும் தாக்குதலும் ஒரே கணக்கில் எழுதப்பட்டன. மூன்று உயிரும் போனவர் ஒதுங்க வேண்டும். முதலில் ஒதுங்குபவருக்கு மட்டும் ஒரு சலுகை: மீண்டும் பணம் கட்டினால், அப்போது மிகக் குறைந்த உயிரோடு இருப்பவருக்கு எத்தனை உள்ளதோ அத்தனை உயிர் அவருக்குக் கிடைக்கும்.

பணம் புழங்கும் ஆட்டம் என்பதால் எண்ணிக்கையை ஆட்டக்காரர்களின் நினைவை நம்பி விடவில்லை. சுவரில் வண்ணங்கள் வரிசையாகக் குறிக்கப்பட்ட பலகை இருக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் எதிரே உயிர்களுக்கான அடையாளங்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் மார்க்கர். ஒவ்வொரு அடிக்கும் முன் யார் எந்தப் பந்தை அடிக்க வேண்டும், அவருக்கு அடுத்து ஆடப்போவது யார் என்று உரக்கச் சொல்வது அவர் வேலை. உயிர் போனால் பலகையில் குறிப்பதும் அவரே. இந்தியக் கிளப்புகளில் மார்க்கர் வேலை உள்ளூர்க்காரர்களின் கையில் இருந்தது. மேசைத் துணியைத் துலக்குவது, கியூவின் முனையை ஒட்டுவது, உறுப்பினருக்கு ஆள் இல்லாதபோது எதிர் நின்று ஆடுவது, புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது என எல்லாம் அவர் பொறுப்பு. இன்றும் சென்னை, ஊட்டி கிளப்புகளில் அந்த வேலைக்கு அதே பெயர்தான். ஆட்டத்தின் விதிகளை எழுதிய அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. கணக்கைப் பிழையின்றிக் காத்த மார்க்கர்களின் பெயர்களோ அரிதாகவே கிடைக்கின்றன. இந்த விளையாட்டின் வரலாற்றில் இது ஒரு பெரிய குறை.

லைஃப் பூலின் மூன்று உயிருக்கும் இன்றைய மூன்று ஃபவுலுக்கும் ஒற்றுமை வெளிப்படை. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. போன உயிர் திரும்பாது. தொடர் ஃபவுல் கணக்கை ஒரே ஒரு முறையான அடி முழுவதுமாக அழித்துவிடும்.

ஊட்டி கிளப்

உதகமண்டலம் கிளப் கட்டடத்தை 1830-களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்டு விடுதியாகக் கட்டினார். 1841-இல் அங்கே கிளப் தொடங்கியது. லைஃப் பூலோடு கூடுதலாக ஒரு கறுப்புப் பந்தைச் சேர்த்தபோது பிளாக் பூல் வந்தது. அதையும் பதினைந்து சிவப்புப் பந்துகள் கொண்ட பிரமிட்ஸ் ஆட்டத்தையும் 1875-இல் ஜபல்பூரில் டெவன்ஷயர் ரெஜிமென்ட் மெஸ்ஸில் இணைத்து ஸ்னூக்கரை உருவாக்கியவர் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி (1856–1944). பிரிட்டிஷ் பிரதமராக இருந்த அதே பெயர்க்காரர் வேறு ஒருவர். ஆப்கன் போரில் காயமடைந்தபின் சேம்பர்லேன், சென்னைப் படையின் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸின் பணிக்குழுவில் சேர்ந்தார். கோடைகாலத்தை நீலகிரியில் கழித்த அந்த ஆண்டுகளில், 1882-இல், ஸ்னூக்கர் விதிகள் வகுக்கப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. ஸ்னூக்கரைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு 1938-இல் சேம்பர்லேனே பத்திரிகைக்கு எழுதிய கடிதமும், மறு ஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி வெளியிட்ட கட்டுரையும் விடை தந்துவிட்டன. 1885-இல் கொல்கத்தாவில் சேம்பர்லேனைச் சந்தித்த பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் வழியாக ஆட்டம் இங்கிலாந்து சென்றது.

விதியை எழுதிச் சுவரில் மாட்டியதன் பயனை இங்கே குறிப்பிட வேண்டும். வாய்வழி விதியால் மெஸ்ஸுக்கு மெஸ் வேறுபட்ட ஆட்டம், எழுத்துக்கு வந்தபின் எல்லோருக்கும் ஒன்றானது. எண்ணிக்கை சார்ந்த எந்தத் தண்டனைக்கும் அதுவே அடிப்படை.

ஸ்ட்ரெய்ட் பூலில் கணக்கு

அமெரிக்காவில் ஜெரோம் கீயோ 1910-இல் வகுத்த 14.1 ஆட்டத்தில் தொடர் ஃபவுல் கணக்கு தந்திரத்தின் மையமாகவே ஆகிவிட்டது. இதில் ஒவ்வொரு ஃபவுலுக்கும் ஒரு புள்ளி குறையும். வெள்ளைப் பந்து குழியில் விழாத வரை எதிராளி அதை நகர்த்த முடியாது. இருக்கும் இடத்திலிருந்தே ஆட வேண்டும். ஆகவே நல்ல அடி எதுவும் இல்லாதபோது, வெள்ளைப் பந்தை வேண்டுமென்றே லேசாகத் தொட்டு ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்து, சிக்கலை எதிராளியின் தலையில் கட்டுவது ஏற்கப்பட்ட உத்தி. எல்லை இல்லாவிட்டால் இருவரும் இப்படியே தொட்டுக்கொண்டிருக்கலாம். மூன்றாவது ஃபவுலுக்கு வழக்கமான ஒரு புள்ளியோடு மேலும் 15 புள்ளிகள் குறையும் என்ற விதி அதைத் தடுக்கிறது. மூன்று ஃபவுலையும் சேர்த்தால் இழப்பு 18 புள்ளிகள். பிறகு பதினைந்து பந்துகளும் மீண்டும் அடுக்கப்படும். தவறு செய்தவரே தொடக்க பிரேக் விதிப்படி உடைக்க வேண்டும். அவர் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும்.

இந்தப் போரில் யார் முதலில் தொட்டார் என்பது முக்கியம். முதலாமவர் தொடுகிறார்: அவருக்கு ஒன்று. இரண்டாமவரும் தொடுகிறார்: அவருக்கும் ஒன்று. மீண்டும் இருவரும் தொட்டால் இரண்டுக்கு இரண்டு. இப்போது முறை முதலாமவருடையது. இன்னொரு முறை தொட்டால் 16 புள்ளி போகும். எனவே முதலில் தொடங்கியவரே முறையான அடி தேடி அடுக்கைக் கலைக்க நேரிடும். தொடங்கும்போதே நான்கு அடி முன்னால் பார்க்காதவர் இந்தப் போரில் இறங்கக் கூடாது. தொடக்க பிரேக்கில் வரும் பிழைக்கு இரண்டு புள்ளி அபராதம் உண்டு. அது மூன்றின் கணக்கில் சேராது.

நைன் பாலில்

ரேக் ரேக்காக (பந்துகளை ஒருமுறை அடுக்கி ஆடி முடிக்கும் சுற்று ஒரு ரேக்) எண்ணப்படும் ஆட்டங்களில் மூன்று ஃபவுலும் ஒரே ரேக்குக்குள் வர வேண்டும். அடுத்த ரேக்கில் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஒரே அடியில் இரண்டு மூன்று தவறுகள் நேர்ந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். மேசையில் உள்ள மிகச் சிறிய எண் பந்தை முதலில் தொடாவிட்டால் ஃபவுல். தொட்டபின் எந்தப் பந்தும் குழியில் விழாமலும் குஷனைத் தொடாமலும் நின்றாலும் ஃபவுல். வெள்ளைப் பந்து குழியில் விழுந்தாலும், பந்து மேசைக்கு வெளியே பறந்தாலும், அடிக்கும்போது இரு கால்களும் தரையை விட்டு எழுந்தாலும் ஃபவுல்.

ஃபவுலுக்குப் பின் எதிராளி வெள்ளைப் பந்தை எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். இங்கேதான் கணக்கின் கூர்மை தெரியும். மேசையில் 2, 7, 8, 9 எண் பந்துகள் உள்ளன என்று கொள்வோம். 7-உம் 8-உம் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 9 அடைபட்டுக் கிடப்பதால் முழுதும் போட்டு முடிப்பது கடினம். எதிராளி ஏற்கெனவே இரண்டு ஃபவுலில் இருக்கிறார். அப்போது 2-ஐக் குழியில் போட முயல்வதைவிட, அதை மெல்லத் தொட்டு தூரக் குஷனுக்கு அனுப்பிவிட்டு வெள்ளைப் பந்தை 7, 8-க்குப் பின்னால் ஒட்டினாற்போல் நிறுத்துவதே சரியான ஆட்டம். எதிராளி குஷனில் மோதித் திருப்பி 2-ஐத் தொட்டாக வேண்டும். தொட்டால் போதாது, ஏதாவது ஒரு பந்து குஷனையும் தொட வேண்டும். தவறினால் மேலும் ஒரு பந்துகூடக் குழியில் விழாமலே ரேக் முடிந்துவிடும். இது விளையாட்டுணர்வுக்கு மாறானது என்ற முறையீடு பொருந்தாது. பந்தை மறைப்பதும் மறைவிலிருந்து விடுபடுவதும் இவ்வாட்டத்தின் பாதித் திறமை. மூன்று ஃபவுல் விதி அத்திறமைக்கு உரிய மதிப்பைத் தருகிறது.

அறிவிக்கும் கடமை

இரண்டு ஃபவுல் செய்தவர் மீண்டும் மேசைக்கு வரும்போது, அவர் அடிக்குமுன் “இரண்டு ஃபவுல்” என்று நடுவர் அறிவிக்க வேண்டும். அறிவிக்க மறந்தால், அடுத்து நேரும் ஃபவுல் மூன்றாவதாகக் கொள்ளப்படாது, இரண்டாவதாகவே கொள்ளப்படும். உண்மையில் மூன்று நடந்திருந்தாலும் விதி இரண்டைத்தான் ஏற்கும். தண்டனையின் விளிம்பில் நிற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் காரணம். தெரிந்தால் அவர் ஆட்டத்தை மாற்றிக்கொள்வார்: குழியில் போடும் ஆசையை விட்டு, முதலில் ஒரு முறையான அடிக்கு வழி பார்ப்பார்.

நடுவர் இல்லாத போட்டிகளில் அக்கடமை எதிராளியுடையது. உட்கார்ந்திருப்பவர் எழுந்து, காதில் விழும்படி சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு மூன்று என்று உரிமை கோர முடியாது. ஸ்ட்ரெய்ட் பூல் ஸ்கோர் தாளில் ஃபவுல்கள் தனியே குறிக்கப்படும். பிற ஆட்டங்களில் சில இடங்களில் மேசை விளிம்பில் ஒரு நாணயமோ சாக் கட்டியோ வைத்து அடையாளம் காட்டுவார்கள். அடையாளம் நினைவுக்கு உதவும்; அறிவிப்புக்கு ஈடாகாது.

ஒத்த விதிகள்

ஸ்னூக்கரில் இதற்கு நெருங்கிய விதி ஒன்று உண்டு. ஆட வேண்டிய பந்தை நேராக முழுதாகத் தொட வழி திறந்திருந்தும் ஆட்டக்காரர் தவறவிட்டால் “ஃபவுல் அண்ட் மிஸ்” கூறப்படும். மறுபடியும் அதே நிலையிலிருந்து தவறினால், மூன்றாவது முறைக்கு ஃபிரேம் போய்விடும் என்று நடுவர் எச்சரிக்க வேண்டும். இங்கும் எச்சரிக்கை இல்லாமல் தண்டனை இல்லை. பில்லியர்ட்ஸில் ஃபவுல் அல்லாத தொடர் எண்ணிக்கை உள்ளது: தொடர்ந்து 15 ஹசார்டுக்கு (பந்தைக் குழியில் போடும் அடி) மேலும், 75 கேனனுக்கு (தன் பந்தால் மற்ற இரு பந்துகளையும் தொடும் அடி) மேலும் அடிக்கக் கூடாது.

கேரமில் கணக்கு பலகையிலேயே கிடக்கும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் போட்ட காயில் ஒன்றை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். ஆரணி, கண்ணமங்கலம் போன்ற நெசவு ஊர்களின் திண்ணை ஆட்டத்தில் இதை “ஃபைன்” என்பார்கள். இன்னும் காய் எதுவும் போடாதவருக்கு அது கடனாக நிற்கும்; முதல் காய் விழுந்ததும் தீர்க்கப்படும். எவரும் நினைவில் வைக்க வேண்டியது அந்தக் கடன் ஒன்றுதான். 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற சென்னையின் மரிய இருதயம் ஆடிய கேரமில், தொடர் ஃபவுலுக்கென்று பூல் போன்ற தனி எண்ணிக்கை தேவைப்படவில்லை.

இன்றைய நிலை

இந்திய பில்லியர்ட்ஸ் - ஸ்னூக்கர் சம்மேளனம் நடத்தும் தேசியப் போட்டிகளில் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கரோடு பூல் பிரிவுகளும் உள்ளன. தமிழ்நாட்டில் மாநிலச் சங்கம் சென்னையை மையமாகக் கொண்டு இயங்குகிறது. கிளப்புகளிலும் பூல் பார்லர்களிலும் பெரும்பாலும் ஆடப்படுவது எய்ட் பால் என்பதால், மூன்று ஃபவுல் விதியை நம் ஆட்டக்காரர்கள் நைன் பால் அல்லது டென் பால் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள்.