நாணயச் சான்றளிப்பு நிறுவனங்களும் அவற்றின் நம்பகத்தன்மையும்

பழைய அல்லது அரிய நாணயம் ஒன்று உண்மையானதா, போலியா என்று கட்டணம் பெற்று ஆராய்ந்து சொல்பவை நாணயச் சான்றளிப்பு நிறுவனங்கள். தேய்மானத்தைப் பார்த்துத் தரநிலையும் தருவார்கள். பிறகு நாணயத்தைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடி, எண்ணிட்டு அனுப்புவார்கள். அந்த உறையை நம்பியே பலர் பெருந்தொகை கொடுத்து நாணயம் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது என்பதை வரலாற்றுச் சான்றுகளோடு பார்ப்போம்.

பழங்கால நோட்டகர்கள்

நாணயம் தோன்றிய காலத்தை ஒட்டியே போலி நாணயமும் தோன்றிவிட்டது. கி.மு. 375-374இல் ஏதென்சு நகரம் இயற்றிய சட்டம் ஒன்றின் கல்வெட்டு, 1970இல் அந்நகரின் பழைய சந்தைத் திடலில் கிடைத்தது. அரசுக்குச் சொந்தமான அடிமை ஒருவர் பணமாற்று மேசைகளுக்கு நடுவே அமர்ந்து வெள்ளி நாணயங்களைச் சோதிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். உள்ளே வெண்கலமோ ஈயமோ இருந்தால் நாணயத்தை அங்கேயே வெட்ட வேண்டும். அவர் ஏற்ற நாணயத்தை வாங்க மறுக்கும் வணிகரின் சரக்கு பறிமுதலாகும். சோதிப்பவர் கடமை தவறினால் அவருக்கு 50 கசையடி.

தமிழில் இத்தொழில் செய்வோருக்கு வண்ணக்கர் என்று பெயர். வடம வண்ணக்கன் தாமோதரனார் முதலிய சங்கப் புலவர்களின் பெயர்களில் அச்சொல் இன்றும் நிற்கிறது.

அமெரிக்காவில் தொழில்முறைச் சான்று

இன்றைய சான்றளிப்பு முறை அமெரிக்காவில் வளர்ந்தது. அமெரிக்க நாணயவியல் கழகம் 1972இல் தன் சான்றளிப்புப் பணியைத் தொடங்கியது. முதலில் மெய்யா, பொய்யா என்று மட்டும் சொன்னது. பின்னர் தரநிலையும் தரத் தொடங்கியது. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்ற தனியார் நிறுவனங்கள் வந்தன. வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலை ஒட்டி இவை தரநிலை தருகின்றன. தாங்கள் சான்றளித்த அமெரிக்க நாணயம் போலி என்று பின்னர் தெரிந்தால் இழப்பீடு தருவதாகவும் உறுதி கூறுகின்றன.

எடை, விட்டம், ஒப்படர்த்தி ஆகியவற்றை அளப்பதும், உருப்பெருக்கியால் பார்ப்பதும், ஒரே அச்சில் வந்த நாணயங்களோடு ஒப்பிடுவதும் ஆய்வு முறைகள். எக்ஸ் கதிர்க் கருவி உலோகக் கலவையைக் காட்டும்; ஆனால் அது மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டுமே அளக்கும். ஆகவே இறுதி முடிவு பழகிய மனிதக் கண்ணையே சார்ந்திருக்கிறது.

இதில் சிக்கலும் உண்டு. ஒரே நாணயம் இரண்டாம் முறை அனுப்பப்படும்போது வேறு தரநிலை பெறுவது உண்டு. 1990இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், தரமதிப்பீட்டின் சீர்மை பற்றிய பி.சி.ஜி.எஸ். விளம்பரங்கள் மிகையானவை என்று வழக்குத் தொடுத்தது. சான்று எல்லா இடர்களையும் நீக்கிவிடாது என்ற குறிப்பை விளம்பரத்தில் சேர்க்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஒரு சென்ட் நாணயத்தின் புதிர்

அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தின் பின்பக்கத்தில் 1958 வரை கோதுமைக் கதிர்கள் இருந்தன. 1959இல் அவ்விடத்தில் லிங்கன் நினைவு மண்டபம் வந்தது. ஆனால் 1959 என்ற ஆண்டும் கோதுமைக் கதிரும் சேர்ந்த ஒரு நாணயம் 1980களில் பேசப்பட்டது. அரசின் ஆய்வாளர்கள் அதைப் போலி என்று சொல்ல ஆதாரம் காணவில்லை. முன்னணித் தனியார் நிறுவனங்களோ சான்றளிக்க மறுத்தன.

ஆவண மோசடிக்கும் இரட்டைக் கொலைக்கும் ஆயுள் தண்டனை பெற்ற மார்க் ஹாஃப்மன், அதைச் செய்தவன் தானே என்று சிறையிலிருந்து பின்னர் கூறினார். அக்கூற்றையும் அறிஞர்கள் முழுதாக ஏற்கவில்லை. சிறுவயதில் அவர் ஒரு டைம் நாணயத்தில் போலியாகச் சேர்த்த நாணயச்சாலைக் குறியை வல்லுநர்கள் உண்மை என்றே ஏற்றிருந்தார்கள். ‘வல்லுநர் ஏற்றால் போதும்’ என்ற துணிச்சல் அங்கேதான் அவருக்குப் பிறந்தது.

உண்மையான நாணயம், பொய்யான வரலாறு

சீசர் கொலையின் நினைவாக புரூட்டஸ் கி.மு. 42 அளவில் வெளியிட்ட நாணயத்தில் இரண்டு குத்துவாள்களும் விடுதலைத் தொப்பியும் உண்டு. அதன் பொன் வடிவம் மிக அரிது. அவற்றில் ஒன்று என்.ஜி.சி. உறையோடு 2020 அக்டோபரில் லண்டனில் ஏலம் போனது. விலை ஏறத்தாழ 42 லட்சம் டாலர். ஆனால் அது முன்பு யாரிடம் இருந்தது என்று காட்டிய விவரங்கள் பொய் என்று நியூயார்க் விசாரணையில் தெரிந்தது. 2023இல் நாணயம் கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. நாணயம் போலி என்று யாரும் சொல்லவில்லை. அது வந்த வழியைச் சான்று பார்க்கவில்லை, பார்ப்பதாகச் சொல்லவும் இல்லை. மேலும், பண்டைய நாணயங்களின் மெய்த்தன்மைக்கு அந்நிறுவனம் அப்போது உத்தரவாதம் தரவில்லை. பலர் இத்தகைய விதிகளைப் படிப்பதே இல்லை.

சேகரிப்போர் கவனத்துக்கு

இப்போது உறைகளுக்கே போலிகள் வந்துவிட்டன. உண்மையான சான்று எண்ணை அப்படியே போலி உறையில் அச்சிடுகிறார்கள். எனவே எண் பொருந்துவது மட்டும் போதாது. நிறுவனத்தின் பதிவில் உள்ள படத்தோடு நாணயத்தின் கீறல்களையும் கறைகளையும் ஒப்பிட வேண்டும். விற்பவரிடம் பழைய ஏலப் பட்டியல், ரசீது முதலியவற்றைக் கேட்க வேண்டும்.

தனி ஒருவரின் பார்வையைவிட இந்நிறுவனங்களின் ஆய்வு பெரிதும் நம்பத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சான்று என்பது தேர்ந்தவர் ஒருவரின் கருத்து. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, தவறானால் பொறுப்பு யாருடையது என்ற மூன்றையும் வாங்குபவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஏதென்சு மக்கள் கல்லிலேயே பதில் எழுதி வைத்திருந்தார்கள்.