உள்ளங்கைக்கு வந்த அலுவலக வாசல்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லிக்கு அருகில் நூம்பல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் இரயில் நிலையம் கிடையாது. அங்கே குடியிருக்கும் ஒருவர் எழும்பூரிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயிலில் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அவர் பேருந்தேறி எழும்பூர் வந்து, சீட்டு வாங்கும் வரிசையில் நின்றாக வேண்டும். வரிசை நகர்வதற்குள் வண்டி நகர்ந்துவிடுவதும் உண்டு. இன்றோ பேருந்தில் வரும்போதே கைப்பேசியில் சீட்டு வாங்கிவிடுகிறார்.

இதில் என்ன வியப்பு என்று கேட்பீர்கள். ஓர் அலுவலகத்தின் சாளரத்தைக் கோடிக்கணக்கானோரின் உள்ளங்கைக்குக் கொண்டு வருவது எளிய செயல் அன்று. அதற்கு முன்னதாக என்னென்ன எண்ணிப் பார்க்க வேண்டும்? எண்ணாமல் விட்டால் யார் வெளியே நிற்க நேரும்? இவற்றை வரலாற்றின் வழியே காண்போம்.

சாளரம் நகர்ந்த கதை

முன்பதிவுச் சீட்டுகளைப் பெரிய பதிவேடுகளில் கையால் எழுதிவந்த நம் இரயில்வே, 1985இல் புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவைத் தொடங்கியது. மறு ஆண்டு, 1986இல், இரயில்வே தகவல் முறைகளுக்கென்றே 'கிரிஸ்' என்னும் மையம் அமைக்கப்பட்டது. அப்போதும் பயணி நிலையத்துக்கு வந்தே தீர வேண்டும்.

2002 ஆகஸ்ட் 3ஆம் நாள் இணையத்தின் வழியே முன்பதிவு செய்யும் வசதி வந்தது. தொடக்கத்தில் பணத்தை இணையத்தில் செலுத்தினால், சீட்டு தூதஞ்சலில் வீடு தேடி வரும். 2005இல் பயணியே சீட்டை அச்சிட்டுக்கொள்ளும் முறை ஏற்பட்டது. சாளரம் நிலையத்திலிருந்து வீட்டு மேசைக்கு நகர்ந்தது. ஆனால், மேசையும் கணிப்பொறியும் உள்ளவர்களுக்கு மட்டுமே!

இதற்கிடையில் மற்றொரு கருவி வளர்ந்து வந்தது. 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் அதுவே. கணிப்பொறியை விடக் கைப்பேசி மக்களிடம் விரைந்து பரவியது. அப்படியானால் வலைத்தளத்தைக் கைப்பேசிக்கு ஏற்றவாறு சுருக்கிவிட்டால் போதாதா?

போதாது. சுவரொட்டியை அஞ்சல் தலை அளவுக்குச் சுருக்கினால் படிக்க முடியுமா? 1990களின் இறுதியில், கைப்பேசிக்கென்றே 'வேப்' என்னும் தனி முறையில் எளிய பக்கங்களைத் தனியே எழுதினார்கள். இதனால் ஒரே செய்தியை இரண்டு இடங்களில் வைத்துக் காக்க வேண்டியதாயிற்று. ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்தால் முரண்பாடு தோன்றும். 2010இல் ஈதன் மார்கோட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், பாத்திரத்துக்கு ஏற்ப வடிவம் கொள்ளும் நீரைப் போல, திரையின் அகலத்துக்கு ஏற்பத் தானே அடுக்கிக்கொள்ளும் பக்கங்களை அமைக்கும் முறையை விளக்கினார். திரைச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. ஆனால் சிக்கல் திரையோடு முடிந்துவிடவில்லை.

எழுபது எழுத்துக் கணக்கு

இணைய வசதி இல்லாத எளிய கைப்பேசிக்கும் குறுஞ்செய்தி செல்லும். ஆகவே 2012இல் மத்திய அரசு வெளியிட்ட கைப்பேசிவழி ஆளுகைக்கான நெறிமுறை, அரசுத் தளங்கள் கைப்பேசிக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்றதோடு, குறுஞ்செய்தி போன்ற வழிகளுக்கும் இடம் அளித்தது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள், அதாவது 1,120 பிட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டுகள் போதும். ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கோ குறியீடு ஒன்றுக்கு 16 பிட்டுகள் தேவை; 70 குறியீடுகளே அடங்கும். அத்துடன் விட்டதா? 'தமிழ்நாடு' என்னும் சொல்லில் நம் கணக்கில் ஐந்து எழுத்துகள். கணிப்பொறிக்கோ புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடுகள், ஆகவே ஒன்பது. இந்த விகிதத்தில் ஒரு செய்தியில் ஏறக்குறைய நாற்பது தமிழ் எழுத்துகளே இடம்பெறும். ஆங்கிலத்தில் எழுதிய வாசகத்தை அப்படியே தமிழாக்கி அனுப்பலாம் என்று திட்டமிட்டவர், பாதி வழியில் திகைத்து நிற்பார். மொழியைத் திட்டத்தின் முதல் நாளிலேயே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எழும்பூர் முதல் தாம்பரம் வரை

இனி நம் நூம்பல் பயணியிடம் திரும்புவோம். முன்பதிவில்லாச் சீட்டைக் கைப்பேசியில் தரும் யூ.டி.எஸ். என்னும் செயலி 2014 இறுதியில் மும்பையில் அறிமுகமாயிற்று. அதில் வாங்கிய சீட்டை நிலையத்து இயந்திரத்தில் அச்சிட வேண்டியிருந்தது. காகிதமே இல்லாத சீட்டு 2015 ஏப்ரல் 22 அன்று சென்னை எழும்பூர்–தாம்பரம் தடத்தில் தொடங்கப்பட்டது.

இதைத் திட்டமிட்டவர்கள் முன் எழுந்த வினாக்களைப் பாருங்கள். சீட்டில்லாமல் வண்டியேறிய ஒருவர், பரிசோதகரைக் கண்டதும் கைப்பேசியில் சீட்டு வாங்கிவிட்டால் என்ன செய்வது? இதற்கு விடையாகச் செயற்கைக்கோள்வழி இடமறியும் வசதியைப் பயன்படுத்தினார்கள். நிலையத்துக்கும் இருப்புப் பாதைக்கும் சற்று விலகி இருந்தால்தான் சீட்டு கிடைத்தது. ஒருவர் சீட்டைப் பலர் காட்டினால்? வாங்கிய கைப்பேசியில் அன்றி வேறொன்றில் செல்லாதபடி செய்தார்கள். ஓடும் வண்டியில் இணையத் தொடர்பு அறுந்தால்? சீட்டு கைப்பேசியிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வங்கி அட்டை இல்லாதவர்? சாளரத்தில் பணம் கட்டி, செயலியின் பணப்பையை நிரப்பிக்கொள்ள முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சாளரத்தை மூடவில்லை. கைப்பேசி இல்லாதவரும் பயணம் செய்ய முடிந்தது. இந்த ஒரு முடிவின் அருமை ஆறாண்டுகளுக்குப் பின்பே நன்கு விளங்கிற்று.

2021இன் சோதனை

பெருந்தொற்றுக்கான தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16இல் தொடங்கியபோது, அதன் பதிவுகளைக் 'கோவின்' என்னும் வலைவாசல் தாங்கியது. மிகப் பெரும் எண்ணிக்கையைச் சமாளித்த பொறியியல் சாதனை அது என்பதில் ஐயமில்லை. ஆனால் மே 1 முதல் 18 முதல் 44 வயதினருக்கு ஊசி திறந்துவிடப்பட்டபோது, அவர்கள் முன்னதாக இணையத்தில் பதிந்தே வர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சாளரம் ஒன்றே ஒன்று, அதுவும் திரைக்குள்!

விரைந்து விரலோட்டத் தெரிந்தவருக்கு இடம் கிடைத்தது. இணையம் இல்லாத கூலித் தொழிலாளியும் ஆங்கிலம் அறியாத தாயும் என்ன செய்வார்கள்? மே 24இல் அரசு மையங்களில் நேரில் வந்து பதியவும் இடமளிக்கப்பட்டது. மே 31 நாளிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றம், இணைய வசதியற்றோரின் நிலையைச் சுட்டிக்காட்டியதுடன், பார்வையற்றோர் அந்த வாசலைப் பயன்படுத்துவதில் உள்ள தடைகளையும் எடுத்துரைத்தது. ஜூன் தொடக்கத்தில் இந்தி உள்ளிட்ட பல இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டன. அந்த முதற்பட்டியலில் தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே தமிழும் இடம்பெற்றது. ஒரு கைப்பேசி எண்ணில் நால்வர் மட்டுமே பதியலாம் என்ற வரம்பு, 2022 ஜனவரியில் அறுவராக உயர்த்தப்பட்டது. ஐந்தாறு பேர் கொண்ட வீட்டில் ஒரே கைப்பேசி இருக்கக்கூடும் என்பது முன்பே தெரியாத செய்தியா?

இரயில் சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த வண்டி உண்டு. தடுப்பூசி கிடைக்காவிட்டால் இழப்பு உயிராகவும் இருக்கலாம். எண்ணாமல் விட்ட ஒரு தேவையின் விலை, அந்த வாசல் எதற்கானது என்பதைப் பொறுத்து உயர்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

நாளை நீங்களும் ஒரு பள்ளிக்கோ, நூலகத்துக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ வலைவாசல் அமைக்க நேரலாம். நிரல் எழுதுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். விலை மலிந்த கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்துக்குப் போய், இப்போதுள்ள தளத்தைத் திறந்து பாருங்கள். எழுத்து தெரிகிறதா? பக்கம் வருமுன் பேருந்து வந்துவிடுகிறதா? பிறகு வீட்டுக்கு வந்து அதைப் பாட்டியிடம் கொடுங்கள். அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுதியாக, கைப்பேசியே இல்லாதவர் எந்த வழியாக வருவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்புகளே உங்கள் திட்டத்தின் முதல் பக்கம். அதை எழுதிய பின் கணிப்பொறியின் முன் அமருங்கள்.