பகலும் இரவும் கைக்குள் வந்த வரலாறு

 

தொழுகையும் நோன்பும் சூரியனின் நிலையைக் கொண்டே நேரம் குறிக்கப்பட்டவை. ஆதலால், பூமியின் எப்பகுதியில் பகல், எப்பகுதியில் இரவு என்று கணிக்கும் கலையை முன்னோர் மிகுந்த அக்கறையுடன் வளர்த்தனர். அக்கலை இன்று கையடக்கக் கருவியின் திரையில் உலகப் படமாக விரிகின்றது. ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி இருளாகவும் தோன்றுகின்றது. அதன் வரலாற்றையும், அது நம் திருவண்ணாமலைக்கு எந்த அளவு பயன்படும் என்பதையும் இங்கே காண்போம்.

973ஆம் ஆண்டு குவாரிஸ்மில் பிறந்த அறிஞர் அல்பீரூனி, நிழலைக் கொண்டு நேரம் அறிவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். உஸ்துர்லாப் என்னும் பித்தளைக் கருவி அக்காலத்தின் கையடக்கக் கணினி எனலாம். வெவ்வேறு அட்சரேகைகளுக்கு வெவ்வேறு தகடுகளை அதனுள் மாற்றிப் பொருத்துவர். முகலாயர் காலத்தில் லாகூரின் அல்லாஹ்தாத் குடும்பத்தார் இக்கருவிகளைச் செய்து புகழ்பெற்றனர். டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் நேரங்கணிப்பாளர் இப்னு ஷாத்திர் 14ஆம் நூற்றாண்டில் உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்றை அமைத்தார். தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் அது காட்டியது.

நம் மாநிலத்தில், 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தது. அங்கு கணிக்கப்பட்ட சென்னை நேரத்தைப் பின்னர் இரயில்வேக்களும் பின்பற்றின. அது கிரீன்விச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட, 5½ மணி நேரம் முந்திய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. காலப்போக்கில் கடிகாரம் நாட்டிற்குப் பொதுவாயிற்று. சூரியனோ ஊருக்கு ஊர் வேறுபட்டே நிற்கின்றது.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடமாகும். நம் ஊர் ஏறத்தாழ 79 பாகை 4 கலைத் தீர்க்கரேகையில் உள்ளது. எனவே இங்கு உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 14 நிமிடத்திற்கு நிகழ்கின்றது. எனினும் நவம்பர் தொடக்கத்தில் 11.57 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.28 அளவிலும் சூரியன் உச்சிக்கு வருகின்றது.

1996இல் அமெரிக்காவில் பைலட் என்ற கையடக்கக் கணினி வெளிவந்தது. அத்தகைய கருவிகளுக்கான நிரல்கள் தேதியையும் நேரத்தையும் கொண்டு சூரியனின் இடத்தைக் கணக்கிட்டு, பகல் இரவு எல்லைக்கோட்டை வரைந்தன. இன்று கைப்பேசியிலும் அதே கணக்கே நடைபெறுகின்றது. அக்கோடு மணிக்கு 15 பாகை மேற்கே நகர்கின்றது. மார்ச் 21 அளவில் நமக்கு மஃரிப் ஆவதற்குச் சுமார் ஒன்றரை மணி முன்பே கோலாலம்பூரில் சூரியன் மறைந்திருக்கும். துபாயில் மறைய அதே அளவு நேரம் இன்னும் இருக்கும். வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளின் நோன்பு நேரத்தை இதனால் நாம் எளிதில் உணரலாம்.

ஆனால் இங்கே கவனம் தேவை. பட்டியலில் நம் ஊர் இல்லையெனச் சிலர் சென்னையைத் தேர்ந்தெடுக்கின்றனர். சென்னையைவிட நமக்குச் சூரியன் ஜூனில் 3 நிமிடமும் டிசம்பரில் 6 நிமிடமும் பிந்தி மறைகின்றது. சென்னைக் கணக்கில் ஸஹரை முடித்தால் நோன்புக்குப் பழுதில்லை. அதே கணக்கில் இப்தார் செய்தால், சூரியன் மறையுமுன்னே நோன்பு திறந்ததாகிவிடலாம்.

வானத்தைப் பார்த்தே முடிவு செய்யலாமே எனில், அதற்கும் ஒரு தடை உண்டு. மலையின் கிழக்கு அடிவாரத்தில் வாழும் நமக்குச் சூரியன் முதலில் மலைக்குப் பின்னே ஒளிகின்றது. அது மஃரிப் அன்று. அடிவானத்தில் மறைவதே மஃரிப். மலையைக் கருவியும் அறியாது.

ஆகவே, நம் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை கொண்டு கணித்து, பேணுதலுக்காகச் சில நிமிடங்கள் சேர்த்து அமைத்த அட்டவணையையே நாம் பின்பற்ற வேண்டும். கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர்கள் அதில் எந்த ஊர் குறிக்கப்பட்டுள்ளது என்பதை ரமளானுக்கு முன்பே சரிபார்த்து, வீட்டுப் பெரியவர்களுக்கும் உதவ வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.