வடக்கே பிறந்த மெட்டு, தெற்கே பிறந்த சொல்

1947-ஆம் ஆண்டில் இந்தி ‘மீரா’ தில்லியில் திரையிடப்பட்டபோது, அதைக் காண வந்தோருள் பண்டித நேருவும் மௌண்ட்பேட்டன் தம்பதியரும் இருந்தனர். படத்தின் தொடக்கத்திலேயே சரோஜினி நாயுடு தோன்றி எம். எஸ். சுப்புலக்ஷ்மியை வடநாட்டாருக்கு அறிமுகம் செய்துவைத்தார். மீராவின் பஜனைகளை இந்தத் தலைநகரம் தன் சொந்தப் பொருளாகவே கேட்டது. ஆனால் ஈராண்டுகளுக்கு முன், 1945-இல் வந்த தமிழ்ப் படத்தில் நம் நெஞ்சைக் கவர்ந்த ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கியின் தமிழ்ச் சொற்களால் ஆனது. அச்சொற்கள் தமிழரோடு தங்கிவிட்டன.

அப்படத்தைத் தயாரித்தவர் சதாசிவம், இயக்கியவர் தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் டங்கன், இசை எஸ். வி. வெங்கட்ராமன். 1941-இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாட்டுக்குப் பின், கச்சேரி மேடையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று இடைவிடாது எழுதி வாதாடியவர் கல்கி. அவர் பாட்டெழுதினால் தேவாரப் பண்ணையோ காவடிச்சிந்தையோ நாடுவார் என்றே எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. இப்பாட்டின் மெட்டு, ஓர் இந்திப் பாட்டைத் தழுவியது!

இதனைக் குறையாகக் கூறுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கல்கி தமிழுக்காக வாதாடினாரேயன்றி, பிறர் இசைக்குக் கதவடைக்கவில்லை. அமைந்துவிட்ட மெட்டுக்குச் சொல் தேடுவது எளிதன்று. நீண்டு இழையும் இடங்களில் வல்லோசை வந்து முட்டினால் பாட்டுக் கெடும். உரைநடையில் பேர்பெற்ற அவரது காது அதை அறிந்திருந்தது.

பொருளை அவர் எங்கே பெற்றார்? வில்லிபுத்தூரில் என்போம். கண்ணன் குழலூதிய சிறப்பைப் பெரியாழ்வார் ஒரு பதிகம் முழுதும் பாடியிருக்கிறார். பறவைகள் கூட்டை மறந்தன. பசுக்கள் செவியசைக்கவும் மறந்தன. மரங்கள் தேன் சொரிந்தன. கல்கியின் பாட்டிலும் காட்டு விலங்கு மயங்குகிறது, விண்மீன்கள் தயங்கி நிற்கின்றன. குழலோசைதான் முதலில் வருகிறது. ஊதுபவன் பின்னரே, நிலவொளியில், ஆற்றங்கரையில் காட்சி தருகிறான். இராஜபுத்திர அரசியின் ஏக்கம் ஆழ்வாரின் தமிழில் பேசுகிறது.

‘மீரா’வுக்குப் பின் எம். எஸ். திரைப்படங்களில் நடிக்கவில்லை. பாட்டு மட்டும் இசைத்தட்டிலும் வானொலியிலும் ஏறி, கரோல்பாக் வரையில் வந்து சேர்ந்தது.