தொழுவத்தில் நிற்கும் புல்லட்டும் திருவொற்றியூர்க் கதையும்



போன வாரம் அக்கா வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் புல்லட்டின் படத்தைப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே வந்த கேள்விகள் இரண்டே வகைதான். "சார், என்ன விலைக்குக் குடுப்பீங்க?" என்பது ஒன்று. "இனிமே இது ஓடுமா சார்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, வண்டி என்னுடையது அல்ல. இரண்டாவது கேள்வியை என் மருமகனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு யோசனை வேறு இருக்கிறது: மட்கார்டை வெட்டிவிட்டு, டேங்குக்கு மங்கலான கறுப்புப் பெயின்ட் அடித்து, 'ராயல் என்பீல்டு' என்று புது எழுத்து ஒட்ட வேண்டுமாம். அக்காவிடம் கேட்டால், "ஓடினாப் போதும்டா" என்கிறாள். வேறு எதுவும் சொல்வதில்லை.

ஓடுமா என்ற கேள்விக்குப் பதில் வண்டிக்குள் இருப்பதைவிட வரலாற்றில்தான் அதிகம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வகுப்பில் நெளிந்தது போல் இங்கேயும் நெளியாமல் படியுங்கள்.

அத்தான் இந்த வண்டியை வாங்கியது 1978ல். கடைசியாக ஓட்டியது 2004ல், அவர் காலமான வருஷம். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில் நிற்கிறது. இன்றைக்கு வாங்கும் வண்டியை இருபது வருஷம் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால், அதன் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் சென்சாருக்கும் மாற்று கிடைக்குமா என்பது சந்தேகம்தான். இதற்குக் கிடைக்கும். ஏன் என்பதுதான் கதை.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசி செய்வதற்குப் பெயர் போன ஊர். அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி சைக்கிளுக்கு மாறியது. பிறகு என்பீல்டு என்ற இடத்தில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அதிலிருந்துதான் 1893 வாக்கில் 'ராயல் என்பீல்டு' என்ற பெயர். புல்லட் என்றால் துப்பாக்கிக் குண்டு, பழைய முத்திரையில் பீரங்கி, எல்லாம் இந்த உறவால் வந்தவை. 1901ல் முதல் மோட்டார் சைக்கிள். 1930களின் தொடக்கத்தில் 'புல்லட்' என்ற பெயர். நமக்குத் தெரிந்த புல்லட், அதாவது பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வைத்த 350 சி.சி. வண்டி, 1949ல் விற்பனைக்கு வந்தது.

அதே 1949ல்தான் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நம்மூர்க் கம்பெனி அதை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. நாடு விடுதலை அடைந்து இரண்டே வருஷம். எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்ட இந்திய ராணுவம், 1950களின் முற்பகுதியில் நூற்றுக்கணக்கில் புல்லட் கேட்டது. இத்தனை வண்டியைக் கப்பலில் கொண்டுவருவதைவிட இங்கேயே செய்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. 1955ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா' என்ற கம்பெனியைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை. பட்டினத்தார் சமாதி இருக்கிற அதே ஊர்தான். 1956 முடிவதற்குள் அங்கே செய்தவை 163 வண்டிகள். செய்தவை என்பதைவிடப் பூட்டியவை என்பதே சரி. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்தன, இங்கே முடுக்கினார்கள். பிறகு அச்சுகளையும் கருவிகளையும் வாங்கிக்கொண்டு, 1962க்குள் எல்லாப் பாகத்தையும் இங்கேயே செய்யும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஏழு வருஷத்தில் இது நடந்தது. அந்தத் தலைமுறைத் தொழிலாளர்களின் கைத்திறமையைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் தாய்க் கம்பெனி தளர்ந்துபோனது. ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் செய்வதே நின்றுவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் அது தொடர்ந்தது. 1977ல், அத்தான் வண்டி வாங்குவதற்கு முந்திய வருஷம், என்பீல்டு இந்தியா தன் புல்லட்டை இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. காலனி ஆட்சியின் பொருளாதாரத்தை எத்தனையோ வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறேன். இங்கிருந்து பருத்தி போகும், அங்கிருந்து துணி வரும் என்று. கரும்பலகையில் அம்புக்குறியை எதிர்ப்பக்கமாகப் போடுவதற்கு இப்படி ஓர் உதாரணம் கிடைப்பது அபூர்வம்.

இனி முக்கியமான விஷயம். திருவொற்றியூரில் செய்த 350 புல்லட்டின் அடிப்படை அமைப்பு, 1950களில் தொடங்கி 2010ஐ ஒட்டிய காலம் வரை ஏறக்குறைய மாறவே இல்லை. 346 சி.சி. இஞ்சின், 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு, வார்ப்பிரும்பு சிலிண்டர், இஞ்சினோடு போல்ட் போட்டுப் பொருத்திய தனி கியர்பெட்டி. ஏன் மாறவில்லை? மாற வேண்டிய அவசியம் இல்லை. லைசென்ஸ், பர்மிட் காலம் அது. வெளிநாட்டு வண்டி உள்ளே வராது. உள்ளூரில் போட்டி என்றால் மைசூரில் செய்த ஜாவா, பிறகு அதுவே எஸ்டி ஆனது. வடக்கே ராஜ்தூத். ஆளுக்கொரு வாடிக்கையாளர் கூட்டம். எதைச் செய்தாலும் விற்கும் என்றால் எதற்காகப் புதிதாக யோசிக்க வேண்டும்?

அந்தக் காலத்தை நான் புகழவில்லை. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். பழைய வடிவத்தையே திரும்பத் திரும்ப விற்றது சோம்பல்தான். 1984, 85ல் ஜப்பான் கூட்டோடு 100 சி.சி. வண்டிகள் வந்ததும் அதன் விலை தெரிந்தது. டி.வி.எஸ். சுசூகி, ஹீரோ ஹோண்டா, யமஹா என்று வரிசையாக வந்தன. ஒரே உதையில் கிளம்பும் வண்டி, ஒரு லிட்டரில் புல்லட்டைப் போல இரு மடங்கு தூரம் போகும் வண்டி. இருக்கிற பெட்ரோல் விலைக்கு யார் புல்லட் வாங்குவார்கள்? மைசூர்த் தொழிற்சாலை 1996ல் மூடப்பட்டது. என்பீல்டு இந்தியாவை 1994ல் ஐஷர் கம்பெனி எடுத்துக்கொண்டு, 'ராயல்' என்ற சொல்லைக் கம்பெனியின் பெயரில் மறுபடி சேர்த்தது. அதன் பிறகும் சில வருஷம் உயிர் ஊசலாடியது.

அந்தச் சோம்பல்தான் இன்றைக்கு அக்கா வீட்டுத் தொழுவத்துக்கு வரமாக வந்திருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே அமைப்பு என்றால் பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட், கேபிள், பேக்கிங் எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கின்றன. எல்லாமே அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன், 6 வோல்ட், 12 வோல்ட் என்று வேறுபாடுகள் உண்டு. ஆனால் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்காதது குறைவு. டெல்லி கரோல்பாக்கில் புல்லட்டுக்கென்றே கடைகள் இருக்கின்றன. அதைவிட முக்கியம், இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு மெக்கானிக் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். அவருக்குப் பிறகு பட்டறையை யார் நடத்துவார்கள் என்று கேட்டேன். சிரித்தார். அதனால் மருமகனே, அவசரம் வண்டிக்கு இல்லை, அவருக்குத்தான்.

அவர் வந்து பார்த்தார். முதலில் சொன்னது, "யாரும் உதைக்காதீங்க." நின்ற வண்டியைக் கண்டதும் எல்லோருக்கும் கால் துறுதுறுக்கும். உள்ளே துருப்பிடித்திருந்தால் ஒரே உதையில் பிஸ்டன் வளையம் சிலிண்டரைக் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் இஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிடச் சொன்னார். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினார். அசைந்தது. அக்கா தார்சாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

புல்லட்டில் ஆயில் தொட்டி இஞ்சினோடு சேர்ந்தே இருக்கும். பம்ப் அதிலிருந்து இழுத்து மேலே அனுப்பும். நெடுநாள் நின்றால் ஆயில் பம்ப் வழியே கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். தொட்டியில் குறைகிறதே என்று மேலே ஊற்றிக்கொண்டே போனால் ஆபத்து. அடியில் உள்ள பிளக்குகளைத் திறந்து இரண்டு அறைகளையும் வடித்துவிட்டு, பில்டரை மாற்றி, புது ஆயில் விட வேண்டும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் சிலிண்டர் தலைக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, ஆயில் மேலே ஏறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

டேங்கில் மிச்சம் இருந்த பெட்ரோல் பிசின் மாதிரி ஆகியிருந்தது. கார்புரேட்டரின் ஜெட் ஓட்டைகளும் அதே பிசினால் அடைத்திருந்தன. வயரை எலி கடித்திருந்தது. சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது, அதைக் கம்பியால் குத்தி எடுக்கவே அரை நாள் போனது. டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு. பட்டனைப் பார்த்து ஏமாறக் கூடாது, ரப்பருக்கு வயதுதான் கணக்கு. பிரேக் ஷூவும் மாற்றியாக வேண்டும். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள்.

இன்னொன்று, இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்க் குழாயையும் தக்கை வாஷரையும் கெடுக்கும். குழாய்களைப் புதிதாக மாற்றிவிடு. டேங்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தாதே.

மருமகனுக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது காலைப் பற்றி. நீ ஓட்டிப் பழகிய வண்டியில் கியர் இடது கால், பிரேக் வலது கால். இதில் நேர் எதிர். கியர் வலது பக்கம்: மேலே தூக்கினால் ஒன்று, கீழே மிதித்தால் இரண்டு, மூன்று, நான்கு. பிரேக் இடது பக்கம். அது அன்றைய இங்கிலாந்து வழக்கம், அப்படியே வந்துவிட்டது. குறுக்கே ஆடு ஓடும்போது மூளை யோசிக்காது, பழகிய கால்தான் போகும். ஒரு வாரம் பள்ளி மைதானத்தில் ஓட்டிப் பழகிவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும்.

உதைப்பதற்கும் முறை உண்டு. ஆம்பியர் மீட்டர் என்ற சின்ன வட்டம் அலங்காரத்துக்கு இல்லை. சாவி போட்டு மெல்லக் கிக்கரை அழுத்தினால் முள் இடப்பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்துக் கிக்கரைக் கொஞ்சம் தாண்டவிட்டு, நெம்பை விட்டுவிட்டு, முழு உடம்பின் எடையையும் கொடுத்து ஒரே மிதி. அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போனவர்கள் உண்டு.

இனி பெயின்ட் விஷயம். அந்த டேங்கில் உள்ள தங்கநிறக் கோடு ஸ்டிக்கர் அல்ல. திருவொற்றியூரில் ஒருவர் தூரிகையைப் பிடித்துக் கையால் இழுத்த கோடு. அதன் மேல் கறுப்பு அடித்துவிட்டால் பிறகு சுரண்டி எடுக்க முடியாது. 'ராயல்' என்று ஒட்டவும் வேண்டாம். 1978ல் அந்தக் கம்பெனியின் பெயர் என்பீல்டு இந்தியா. உன் அப்பா வாங்கியது என்பீல்டு. துருவை நிறுத்து, துடை, மெழுகு போடு, போதும்.

கடைசியாக, காகிதம். பதினைந்து வருஷம் தாண்டினால் ஓட்டவே கூடாது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது டெல்லிப் பகுதிக்கான தடை, நமக்கு இல்லை. இங்கே பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் படிவம் 25. ஆர்.சி. புத்தகம் இன்னும் அத்தான் பெயரில் இருப்பதால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் படிவம் 31. 1989க்கு முந்திய மூன்றெழுத்து நம்பர் வண்டி என்பதால் கம்ப்யூட்டரில் விவரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஏற்றச் சொல்ல வேண்டும். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று தனி. 2028ல் வண்டிக்கு ஐம்பது வயது, அப்போது 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவே சரி.

யார் பெயருக்கு மாற்றுவது என்று அக்காவிடம் கேட்டோம். "ஏன், எம் பேருக்கு மாத்தக்கூடாதா?" என்றாள். படிவத்தில் அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறோம்.

வயரிங் முடிந்துவிட்டது. இப்போது நல்ல 6 வோல்ட் பேட்டரி ஒன்று தேவை. நெல்லை, தென்காசிப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். விலை கேட்பவர்கள் மன்னிக்கவும்.