தா என்பதும் கொடு என்பதும்

ஆங்கிலத்தில் 'கிவ்' என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த வினைச்சொல். இரவலர்க்கு இடுவதும் அதுவே. அரசர்க்குக் காணிக்கை செலுத்துவதும் அதுவே. வாக்குக் கொடுப்பதும் காது கொடுப்பதும் அதுவே. அதன் பொருளை நுணுக்கிச் சொல்ல 'டொனேட்', 'கிராண்ட்', 'பிரெசென்ட்' முதலிய சொற்களை ஆங்கிலேயர் இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் பெற்றனர். 'கிவ்' என்ற சொல்லின் முதல் ஒலியும் வந்து குடியேறியதே. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் யகரம் போன்ற ஒலியுடன் தொடங்கியது. வடகடல் கடந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர் வாயிலாக இன்றைய வல்லொலி அதற்கு வந்தது. அயல்நாடு சென்று வாழ்வோர் அங்குள்ள மொழியிலும் தம் தடத்தைப் பதிக்கின்றனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இப்பொருளுக்குத் தமிழில் சொற்கள் பல. வழங்கு, அளி, நல்கு, அருள் என்று அடுக்கலாம். அவற்றுள் மூன்றைத் தொல்காப்பியர் தனியே எடுத்து ஆராய்கிறார். அவை ஈ, தா, கொடு என்பன. ஒரு பொருளை வேண்டுவோன் தாழ்ந்தவனாயின் 'ஈ' என்பான். ஒத்தவனாயின் 'தா' என்பான். உயர்ந்தவனாயின் 'கொடு' என்பான். கேட்கும் சொல்லைக் கொண்டே கேட்பவன் நிலையை அறியலாம் என்பது அக்கால வழக்கு. பிற்காலத்து நன்னூலாரும் இதனை வழிமொழிகிறார்.

தொல்காப்பியர் கூறும் மற்றொரு விதி இதனினும் நுட்பமானது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. என்னிடமோ உன்னிடமோ வருவது 'தருதல்'. அயலான் ஒருவனிடம் போய்ச் சேர்வது 'கொடுத்தல்'. அவ்வாறாயின் உயர்ந்தோன் தனக்கு வேண்டும்போது 'கொடு' என்பது எங்ஙனம் பொருந்தும்? அதற்கும் ஆசிரியர் விடை வைத்துள்ளார். அவன் தன்னையே பிறன்போல் வைத்துப் பேசுகிறான் என்கிறார். 'இவனுக்குக் கொடு' என்று தன்னைச் சுட்டிச் சொல்வதற்கு அஃது ஒப்பாகும்.

இன்று நம்மிற் பெரும்பாலோர் 'எனக்குக் கொடு' என்றும் 'அவனுக்குக் கொடு' என்றும் வேறுபாடின்றிப் பேசுகிறோம். ஆயின் அவ்விதி ஏட்டோடு நின்றுவிட்டதா? அன்று. அதனை நாவில் வைத்திருப்போரைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, பாறசாலை வழியே நெய்யாற்றின்கரை வட்டத்துள் சென்றால், விழிஞ்சத்துக்கு அருகே கோட்டுகால் என்னும் ஊர் உள்ளது. அங்கே மலையாளம் பேசும் சிறுவன், தனக்கு வேண்டும்போது 'எனிக்கு தா' என்பான். மற்றொருவனுக்கு என்றால் 'அவனு கொடுக்கு' என்பான். இவ்விரண்டையும் மாற்றிச் சொன்னால் அவன் காதுக்கே அது பிழையாகப் படும். தொல்காப்பியம் என்ற பெயரைக் கேட்டறியாதவனும் அதன் விதியைத் தவறாமல் காக்கிறான்!

இதில் வியப்பில்லை. விழிஞ்சமும் முஞ்சிறையும் ஒருகாலத்தில் ஆய் வேந்தரின் நாட்டில் ஒருங்கே இருந்தன. அவருள் ஒருவனான கருநந்தடக்கன் கி.பி. 866ஆம் ஆண்டளவில் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயில் எடுத்தான். முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று, அதற்கு ஈடாக வேறு நிலம் கொடுத்தான். தொண்ணூற்றைந்து மாணாக்கர்க்குச் சாலையும் அமைத்தான். அச்செய்தியைக் கூறும் செப்பேடு தமிழில் உள்ளது. மலையாளம் தனிமொழியாய் வளர்ந்து இலக்கியம் கண்டது அதன் பின்னரே. மொழி பிரிந்தபோது பழைய வழக்குகள் சில இப்பக்கம் தங்கின. சில அப்பக்கம் தங்கின. 1956 நவம்பர் முதல் நாளில் மாநில எல்லை வகுக்கப்பட்டது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தை அளந்து பகுத்தவர்கள் வினைச்சொற்களைப் பகுக்க இயலவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இம்மூன்று சொற்களையும் நாள்தோறும் கேட்கின்றனர். பெங்களூரில் 'கொடு' என்பது கொடுத்தலையே குறிக்கும். 'தா' என்றாலோ 'கொண்டு வா' என்று பொருள். சங்கப் பாடல்களிலும் தருதல் என்பது கொண்டுவருதலைக் குறித்தல் உண்டு. ஐதராபாத்தில் 'இவ்வு' என்பர். அது நம் 'ஈ' என்பதன் உடன்பிறப்பு. அங்கே 'தெச்சு' என்றால் கொண்டுவருதல். அது 'தா' என்பதன் இனம். தமிழ்நாட்டுப் பேச்சிலோ 'ஈ' என்னும் வினை அருகிவிட்டது. 'ஈகை', 'ஈவிரக்கம்' என்ற பெயர்களில் மட்டும் உயிர் தங்கியிருக்கிறது.

தாழ்ந்தோன், ஒத்தோன், உயர்ந்தோன் என்று இரப்போரைத் தரம் பிரித்த வழக்கு மறைந்தது. அதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை. வருவதையும் போவதையும் பிரித்துக் காட்டிய நயம் மறைவதுதான் இழப்பு.

ஆதலால், கேரளத்தில் வளரும் நம் பிள்ளை 'அப்பா எனக்குத் தந்தார். நான் தம்பிக்குக் கொடுத்தேன்' என்று பிரித்துப் பேசினால், மலையாளம் கலந்துவிட்டதே என்று கடிய வேண்டா. நாம் மறந்துவிட்ட பழந்தமிழ் வழக்கை அண்டை வீட்டார் அவனுக்குக் கற்றுத் தந்திருக்கின்றனர். அதன் பழம் உரிமையை அவனுக்கு எடுத்துரைத்தால் வீட்டு மொழியும் வீதி மொழியும் உறவுடையவை என்பதை அவன் உணர்வான். இரண்டையும் கூச்சமின்றிப் பேசுவான்.