தாலி கட்டும் முன் மணமக்கள் ஒருவரையொருவர் பார்க்கலாமா?

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கக் கூடாது" என்கிறார் பாட்டி.

"காலையிலேயே பார்த்துட்டீங்கன்னா படம் எடுக்குற வேலை சீக்கிரம் முடிஞ்சிடும்" என்கிறார் படக்கலைஞர்.

நடுவில் நீங்கள் இருவரும்!

சிங்கப்பூரில் திருமணத்துக்குத் தயாராகும் தமிழ் ஜோடிகள் பலர் சந்திக்கும் கேள்வி இது. கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் திருமண நாள் காலையில் போய்ப் பேசினால் இரு குடும்பங்களுக்கும் மனக்கசப்பு மிஞ்சும்.

எப்படி முடிவெடுப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இதில் தலையிடுவதே இல்லை.

முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்கள் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தின்கீழ் வருகின்றன. திருமணம் நடத்திவைக்க உரிமம் பெற்றவர் முன்னிலையில், 21 வயது நிரம்பிய சாட்சிகள் இருவரோடு, மணமக்கள் தங்கள் சம்மதத்தைச் சொல்லவேண்டும். சட்டத்துக்கு அந்தச் சம்மதம்தான் முக்கியம்.

கோயில் திருமணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே பதிவுத் திருமணத்தை முடிப்போர் உண்டு. அதற்கு வீடும் ஒரு காரணம். திருமணம் செய்யவிருக்கும் ஜோடியாக வீவக வீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், சாவி பெற்ற 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டவேண்டும்.

அதாவது, மணவறையில் உட்காரும் நாளில் சட்டப்படி நீங்கள் ஏற்கெனவே கணவன் மனைவியாக இருக்கலாம். ஆனால் பாட்டிக்குத் தாலி கட்டினால்தான் கல்யாணம். சான்றிதழைக் காட்டி அவரிடம் வாதாடிப் பயனில்லை!

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

பெரியவர்களே பேசி முடித்த திருமணங்களில், பெண் பார்க்கும் நாளில் ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. அடுத்த சந்திப்பு மணவறையில்தான். "பார்க்கக் கூடாது" என்பதைவிடப் பார்க்க வாய்ப்பே இல்லை என்பதே உண்மை.

நலங்கு வைத்த பிறகு மணமக்களை வெளியில் அனுப்பாத வீடுகளும் உண்டு. கண்ணு படக்கூடாது, உடம்புக்கு ஏதும் வந்துவிடக் கூடாது என்ற அக்கறை அது.

தெலுங்குக் குடும்பங்களில் இது சடங்காகவே இருக்கிறது. முகூர்த்த நேரம் வரும்வரை இருவருக்கும் நடுவே திரை பிடிப்பார்கள். சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை ஒருவர் தலையில் மற்றவர் வைக்கும் நேரத்தில் திரை விலகும்.

தமிழ் இந்துத் திருமணங்கள் பலவற்றில் நடப்பது வேறு. மணமகள் ஒருமுறை மணவறைக்கு வந்து, கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு போய், அதை உடுத்திக்கொண்டு திரும்பி வருவார். அதன் பிறகே தாலி. அங்கே தாலிக்கு முன் பார்ப்பது சடங்கிலேயே இருக்கிறது!

தேவாலயத்தில் திருமணம் என்றால், மணமகள் நடந்து வரும்போது மணமகன் முதன்முதலாகப் பார்ப்பதைப் பலர் விரும்புவார்கள். அதற்கு முன்பே இருவரும் தனியாகச் சந்திப்பதைப் படம்பிடிக்கும் 'ஃபர்ஸ்ட் லுக்' மேற்கத்தியத் திருமணங்களிலிருந்து வந்தது. நிக்காஹ்வில் மணமகள் தனி இடத்தில் அமர்ந்திருந்து, ஒப்பந்தம் முடிந்த பிறகே மணமகனைச் சந்திக்கும் வழக்கமும் உண்டு.

உங்களையே கேட்டுக்கொள்ள 4 கேள்விகள்

1. 'பார்ப்பது' என்றால் என்ன?

நலங்குக்குப் பிறகு சந்திக்கவே கூடாதா? திருமண உடையில் மட்டும் பார்க்கக் கூடாதா? வீடியோ கால் பரவாயில்லையா? பெரியவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். "ராத்திரி வெளியில சுத்தக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்று பதில் வந்தால், பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

2. யாருக்கு இது முக்கியம்? ஏன்?

எல்லாரும் சொல்வதால் சொல்கிறார்களா, உள்ளூர பயமா? குடும்பத்தில் முன்பு நடந்த ஒரு துக்கம் அந்தப் பயத்துக்குக் காரணமாக இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, "மூடநம்பிக்கை" என்று தூக்கிப்போட உங்களுக்கே மனம் வராது.

3. நேரம் இடம் கொடுக்குமா?

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய காலை 7 மணிக்குத்தான் உதிக்கிறது. முகூர்த்தம் 7.30 மணிக்கு முன் என்றால், சடங்குக்கு முன் வெளியில் படமெடுக்க வெளிச்சமே இருக்காது. அதற்காக ஒப்பனையை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கினால் தூக்கம்தான் போகும். முகூர்த்தம் 10 மணிக்கு மேல் என்றால் முதலில் படம் எடுப்பது கைகொடுக்கலாம். சடங்கு முடிந்ததும் விருந்தினர்களோடு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

4. உங்கள் இருவருக்கும் என்ன வேண்டும்?

மேடையில் எல்லார் கண்ணும் தன்மேல் இருக்கும்போது பதற்றப்படுபவருக்கு, முன்கூட்டியே 5 நிமிடம் தனியாகச் சந்திப்பது தெம்பு தரும். இன்னொருவர் பல மாதமாகக் காத்திருப்பதே அந்த மணவறை நிமிடத்துக்காக இருக்கலாம். இரண்டுமே நியாயமான ஆசைதான்.

ஒத்துப்போகவில்லை என்றால்?

காத்திருக்க விரும்புபவருக்கு விட்டுக்கொடுப்பது நல்லது. காரணம் எளிது: பார்த்துவிட்டால் திரும்ப 'பார்க்காமல்' இருக்க முடியாது. ஆனால் பதற்றத்தைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. போனில் பேசலாம். கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பலாம். கதவுக்கு இரு பக்கமும் நின்று, முகம் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

பார்ப்பது என்று இருவரும் முடிவெடுத்து, பெரியவர்கள் மட்டும் வருத்தப்பட்டால்? படக்கலைஞரும் கூட்டமும் இல்லாமல் பெற்றோர் முன்னிலையில் சந்திக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். மறைத்து மட்டும் செய்யாதீர்கள். படம் இன்ஸ்டகிராமில் வரும் நாளில் தெரிந்துவிடும்!

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இந்தத் திருமணமே வேண்டுமா என்ற சந்தேகம் இருந்தால், "பார்க்கக் கூடாது" என்ற வழக்கம் உங்கள் வாயைக் கட்டிப்போட வேண்டியதில்லை. அதை உடனே பேசுங்கள், இருவருமாக. சம்மதம் இல்லாத கல்யாணத்துக்கு எந்த முகூர்த்தமும் நல்ல முகூர்த்தம் ஆகாது.

முடிவெடுத்தாச்சா?

சில வாரங்களுக்கு முன்பே படக்கலைஞர், ஒப்பனையாளர், தோழி, மாப்பிள்ளைத் தோழன் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். மண்டபத்தில் இருவரின் அறைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். பார்க்கப்போவதில்லை என்றால், யார் எந்த வாசல் வழியாக எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

பாட்டியிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால், அவர் பாதி சமாதானம் ஆகிவிடுவார்.